இறங்குபக்கத் தமிழும் அதன் சோதனையும்: சேலம் மாம்பழ இணைய விற்பனையை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

இணைய விளம்பரத்தைத் தொட்டவுடன் திறக்கும் ஒற்றை விற்பனைப் பக்கம் இன்று தமிழ் உரைநடையின் புதியதொரு வகையாக வளர்ந்துவருகின்றது. அப்பக்கத்தின் சொற்களை மாற்றி மாற்றி வைத்து, எவ்வடிவம் மிகுதியான வாங்குவோரைத் தருகின்றது என எண்ணிப் பார்க்கும் முறை ஆங்கில உலகில் நிலைபெற்றுள்ளது. அம்முறையின் முடிவுகள் தமிழுக்கு அப்படியே பொருந்துமா என்பதும், சேலம் மாவட்டம் பனமரத்துப்பட்டி போன்ற பேரூர்களிலிருந்து விற்கும் சிறுவணிகருக்கு அம்முறை எட்டுமா என்பதும் இக்கட்டுரையின் வினாக்கள். ஏவல், வியங்கோள், செயவென் எச்சம் ஆகிய வினைவடிவங்களுக்கு இடையிலான மதிப்பு வேறுபாடு ஆங்கிலத்தில் இல்லாமையால் அம்மொழிச் சோதனை முடிவுகள் தமிழுக்குப் பொருந்தா என்றும், சிறுவணிகரின் வருகையாளர் தொகை எண்ணிக்கைச் சோதனைக்குப் போதாமையால் மொழிநோக்கிலான வாசிப்புச் சோதனையே அவர்க்கு முதற்கருவி என்றும் இக்கட்டுரை நிறுவ முயல்கின்றது.

திறவுச்சொற்கள்: இறங்குபக்கம், செயலழைப்பு, இருவடிவச் சோதனை, வியங்கோள், வாசிப்புச் சோதனை, போலி அவசரம்.

1. முன்னுரை

சேலம் மாநகருக்குத் தெற்கே அமைந்த பனமரத்துப்பட்டி, ஒருகாலத்தில் சேலத்திற்குக் குடிநீர் தந்த ஏரியாலும் அரளிப் பூச்சாகுபடியாலும் அறியப்படும் ஊர். அரளி மொட்டைப் பறித்த அன்றே சேலம் வ.உ.சி. பூ மார்க்கெட்டுக்குக் கொண்டுசேர்க்க வேண்டும். அங்கே விற்பவரும் வாங்குபவரும் நேரில் காண்கின்றனர். விலை அன்றன்று வாய்மொழியாக முடிவாகின்றது. அவ்வணிகத்திற்கு எழுத்துப் பக்கம் வேண்டுவதில்லை.

மாம்பழப் பெட்டியின் நிலை வேறு. மல்கோவா, இமாம் பசந்த், சேலம் பெங்களூரா எனப் பெயர்பெற்ற சேலத்துப் பழத்தைச் சென்னையிலோ கோவையிலோ இருப்பவர் ஆண்டுக்கு ஒருமுறை பெட்டியாக வரவழைத்துக்கொள்கிறார். அவர் விற்பவரைக் கண்டதில்லை. பழத்தைத் தொட்டுப் பார்க்கவும் இயலாது. கண்டு, தொட்டு, முகர்ந்து, பேரம் பேசித் தெளியும் அனைத்தையும் கைப்பேசித் திரையில் விரியும் ஒரு பக்கத்து எழுத்தே செய்துதர வேண்டியுள்ளது. இவ்வாறு கண்காணா இருவருக்கிடையே நம்பிக்கையை உண்டாக்கும் பொறுப்பைத் தமிழ்ச் சொற்கள் ஏற்கும் இடம் மொழியாய்வாளரின் கவனத்திற்கு உரியது.

விளம்பரத் தமிழ் குறித்த ஆய்வுகள் நாளிதழ், வானொலி, தொலைக்காட்சி ஆகியவற்றை மையமாகக் கொண்டு வளர்ந்துள்ளன. இணைய விற்பனைப் பக்கம் அவற்றினின்று ஒரு கூறில் வேறுபடுகின்றது. அங்கே படிப்பவர் படித்து முடித்ததும் அவ்விடத்திலேயே ஒரு செயலைச் செய்கிறார், அல்லது செய்யாமல் விலகுகிறார். படிப்பின் விளைவு உடனுக்குடன் எண்ணாகப் பதிவாகின்றது. ஆகவே இவ்வகை உரையை ஆராய்வோர், உரையோடு அதன் சோதனை முறையையும் சேர்த்தே ஆராய வேண்டியுள்ளது. இக்கட்டுரை விளக்கமுறையிலும் ஒப்பீட்டு முறையிலும் அமைகின்றது. இதில் வரும் வணிகக் கணக்குகள் கருத்தை விளக்குவதற்காகக் கொள்ளப்பட்ட எடுத்துக்காட்டுகளே.

2. சொல்லும் பொருளும்

தொழிலில் உள்ளோர் இப்பக்கத்தை ‘லேண்டிங் பேஜ்’ என்றே வழங்குகின்றனர். ‘தரையிறங்கு பக்கம்’ என்னும் மொழிபெயர்ப்பு வானூர்தியை நினைவூட்டுகின்றது. தமிழில் ‘இறங்குதுறை’ என்னும் வினைத்தொகை முன்பே உண்டு. படகில் வருவோர் கரையேறும் இடம் இறங்குதுறை. விளம்பரத்தின்வழி வருவோர் வந்து சேரும் பக்கத்தை அதே அமைப்பில் ‘இறங்குபக்கம்’ எனல் பொருந்தும். இக்கட்டுரையில் அச்சொல்லே ஆளப்படுகின்றது. படிப்பவரைச் செயலுக்கு அழைக்கும் பொத்தான் சொல்லைச் ‘செயலழைப்பு’ என்றும், தொழிலில் ‘ஏ/பி டெஸ்டிங்’ எனப்படுவதை ‘இருவடிவச் சோதனை’ என்றும் குறிக்கலாம்.

இணையதளத்தின் முகப்புப் பக்கமும் இறங்குபக்கமும் ஒன்றல்ல. முகப்புப் பக்கம் அங்காடித் தெருவைப் போன்றது. பல பொருள்களுக்கும் பல வழிகளுக்கும் அங்கே இடமுண்டு. இறங்குபக்கம் அத்தெருவில் ஒரே பொருளுக்கெனக் கொடி கட்டிய ஒரு கடை. ஒரு பொருள், ஒரு வாக்குறுதி, ஒரு செயலழைப்பு ஆகியவையே அதன் இலக்கணம்.

கொடி என்னும் ஒப்புமை தமிழ் மரபுக்குப் புதிதன்று. காவிரிப்பூம்பட்டினத்தில் கள் விற்கும் இடத்திற்கும், ஆசிரியர்கள் வாதிடும் இடத்திற்கும் தனித்தனிக் கொடிகள் இருந்தமையைப் பட்டினப்பாலை காட்டுகின்றது. சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதையில் வரும் மதுரைப் பொற்கடை வீதி இன்னும் நெருங்கிய சான்று. சாதரூபம், கிளிச்சிறை, ஆடகம், சாம்பூநதம் என்னும் நால்வகைப் பொன்னின் வேறுபாடு அறிந்தோர், வருவோரின் கலக்கம் நீங்குமாறு அங்கே கொடி எடுத்திருந்தனர். அக்கொடியின் பயன் கலக்கம் நீக்குதல். இறங்குபக்கத்தை மதிப்பிடுவதற்கும் அதுவே தக்க அளவுகோல் என இக்கட்டுரை கருதுகின்றது. இவ்வளவுகோலைப் பின்வரும் பகுதிகளில் பொருத்திக் காணலாம்.

3. இறங்குபக்கத்தின் உறுப்புகள்

நல்ல இறங்குபக்கம் ஐந்து உறுப்புகளைக் கொண்டது எனலாம். அவை தலைப்பு, படம், சான்று, விலை, செயலழைப்பு என்பன.

தலைப்பு, படிப்பவர் தொட்டுவந்த விளம்பரச் சொல்லோடு ஒத்திருத்தல் வேண்டும். ‘சேலம் மல்கோவா, 5 கிலோ பெட்டி’ என்னும் விளம்பரத்தைத் தொட்டவர்க்கு ‘எங்கள் பண்ணைக்கு வருக’ என்னும் தலைப்பு எதிர்ப்பட்டால், தாம் சரியான இடத்திற்குத்தான் வந்தோமா என்னும் ஐயம் எழும். குறுஞ்செய்தி வழி அழைப்பு அனுப்பும்போது இவ்வொப்புமையைக் காப்பது தமிழில் கடினமாகின்றது. ஆங்கில எழுத்தில் ஒரு குறுஞ்செய்தி 160 குறிகளைக் கொள்ளும். தமிழ் ஒருங்குறியில் அது 70 குறிகளாகக் குறைகின்றது. உயிர்மெய்யெழுத்தின் துணைக்குறியும் மெய்யின் புள்ளியும் தனிக்குறியாக எண்ணப்படுவதால் உண்மையான இடம் அதனினும் குறைவு. ‘மாம்பழம்’ என்னும் ஐந்தெழுத்துச் சொல் எட்டுக் குறிகளை எடுத்துக்கொள்கின்றது. எனவே தமிழில் எழுதுவோர் அடைமொழிகளைக் களைந்து பொருட்பெயர், அளவு, ஊர் ஆகிய மூன்றை மட்டும் வைத்து, அவற்றையே பக்கத் தலைப்பிலும் திரும்ப வைத்தல் நன்று.

சான்று என்பது படிப்பவரின் முதன்மையான ஐயத்துக்கு விடை. மாம்பழத்தைப் பொறுத்தவரை அவ்வையம் ‘கல் வைத்துப் பழுக்கவைத்ததா?’ என்பது. கால்சியம் கார்பைடு கொண்டு பழுக்கவைத்த பழத்தை விற்பதற்கு இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணயச் சட்டத்தின்கீழ் வகுக்கப்பட்ட 2011 ஆம் ஆண்டு ஒழுங்குமுறை தடைவிதிக்கின்றது. எத்திலீன் வாயுவை வரையறுத்த அளவில் பயன்படுத்த இசைவு உண்டு. ஆகவே ‘இயற்கையாகப் பழுத்தது’ என்பதும் ‘கல் வைக்காதது’ என்பதும் ஒருபொருள் தொடர்கள் அல்ல. எத்திலீன் அறையில் பழுத்த பழத்திற்கு இரண்டாவது தொடர் பொருந்தும். முதல் தொடர் பொருந்தாது. இவ்வேறுபாடு விற்பனைச் சொல்லின் அழகைப் பற்றியது அன்று, வாய்மையைப் பற்றியது. இதன் விளைவை எட்டாம் பகுதி எடுத்துரைக்கும்.

விலையைச் சொல்லும் முறைக்கும் சட்ட வரம்பு உண்டு. 2020 ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு (மின்வணிக) விதிகள், கட்டணங்கள் அனைத்தும் அடங்கிய மொத்த விலையை ஒற்றைத் தொகையாகவும் அதன் பகுப்போடும் காட்டுமாறு கூறுகின்றன. பெட்டியின் விலையை மேலே பெரிதாக எழுதி, கூரியர் கட்டணத்தைக் கடைசித் திரையில் மட்டும் சேர்ப்பது கலக்கம் நீக்கும் கொடியாகாது.

4. சோதனை முறையின் தோற்றமும் இயக்கமும்

விளம்பரத்தை எண்ணிப் பார்க்கும் வழக்கம் இணையத்திற்கு முற்பட்டது. அமெரிக்க விளம்பர எழுத்தாளர் கிளாட் ஹாப்கின்ஸ் 1923 இல் வெளியிட்ட ‘அறிவியல்முறை விளம்பரம்’ என்னும் நூலில், விளம்பரத்தோடு அச்சிடப்பட்ட கூப்பன்கள் எத்தனை திரும்பி வந்தன என எண்ணி, எவ்விளம்பரம் பயன் தந்தது என அறியும் முறையை வற்புறுத்தினார். ஒப்பிடப்படும் இரண்டையும் சமவாய்ப்பு முறையில் பகிர்ந்தளிக்க வேண்டும் என்னும் நெறி வேளாண்மையிலிருந்து வந்தது. இங்கிலாந்தின் ராதாம்ஸ்டெட் வேளாண் ஆய்வு நிலையத்தில் பணியாற்றிய ரொனால்டு ஃபிஷர், எப்பாத்திக்கு எவ்வுரம் இடுவது என்பதை ஆய்வாளரின் விருப்பத்திற்கு விடாமல் குலுக்கல் முறையில் தீர்மானிக்க வேண்டும் என்றார். 1935 இல் வெளிவந்த அவரது ‘பரிசோதனைகளின் வடிவமைப்பு’ இந்நெறிக்கு அடிப்படை நூல். பாத்திக்குப் பதில் பார்வையாளர், உரத்திற்குப் பதில் தலைப்பு எனக் கொண்டால் அதுவே இன்றைய இருவடிவச் சோதனை.

இதன் இயக்கம் எளிது. பக்கத்தின் இரு வடிவங்கள் ஆக்கப்படுகின்றன. அவற்றுள் ஒரு கூறு மட்டும் வேறுபடும். வருவோரைக் கணினி குலுக்கல் முறையில் இரு பங்காகப் பிரித்து, ஒரு பங்கினர்க்கு ஒரு வடிவத்தைக் காட்டுகின்றது. ஒவ்வொரு பங்கிலும் எத்தனை பேர் செயலழைப்பை ஏற்றனர் என எண்ணப்படுகின்றது. ஒரே நாளில், ஒரே விளம்பரத்தின்வழி வந்தோரைப் பிரிப்பதால், வானிலை, விழாநாள், விலைமாற்றம் ஆகியவை இரு பங்கையும் ஒன்றுபோலவே தாக்கும். இந்த வாரம் ஒரு தலைப்பு, அடுத்த வாரம் மற்றொரு தலைப்பு என மாற்றிப் பார்ப்பது இம்முறையாகாது. அட்சய திருதியை வாரத்து விற்பனையை அதற்கடுத்த வாரத்து விற்பனையோடு ஒப்பிட்டால் வேறுபாடு தலைப்பால் வந்ததா, நாளால் வந்ததா எனப் பிரித்தறிய இயலாது.

இம்முறையின் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு பராக் ஒபாமாவின் 2008 ஆம் ஆண்டு தேர்தல் பரப்புரை இணையதளம். டான் சிரோக்கர் தலைமையில் நடந்த சோதனையில் நான்கு பொத்தான் சொற்களும், படமும் காணொளியுமாக ஆறு காட்சிகளும் இணைக்கப்பட்டு 24 வடிவங்கள் வைக்கப்பட்டன. 3,10,382 பார்வையாளர்கள் அவற்றைக் கண்டனர். பதிவுசெய்வோர் விகிதம் பழைய பக்கத்தில் 8.26 விழுக்காடாகவும், வென்ற பக்கத்தில் 11.6 விழுக்காடாகவும் இருந்தது. வென்றது ஒபாமா குடும்பத்தின் நிழற்படமும் ‘மேலும் அறிக’ என்னும் பொருளுடைய ஆங்கிலப் பொத்தானும் சேர்ந்த வடிவம். பரப்புரைக் குழுவினர் முன்னதாக விரும்பியதோ ஒரு காணொளியை. காணொளிகள் அனைத்தும் படங்களுக்குப் பின்தங்கின. எழுதுவோரின் விருப்பமும் படிப்போரின் செயலும் வேறுபடலாம் என்பதற்கு இது தெளிவான சான்று.

இச்சான்றைத் தமிழ் வணிகருக்கு எடுத்துரைப்போர் இரண்டு செய்திகளை மறந்துவிடுகின்றனர். ஒன்று, அச்சொல் ஆங்கிலச் சொல் என்பது. மற்றொன்று, ஒவ்வொரு வடிவத்திற்கும் சராசரியாக ஏறத்தாழ 13,000 பார்வையாளர்கள் கிடைத்தனர் என்பது. இவ்விரண்டையும் முறையே ஆராய்வோம்.

5. பொத்தானின் இலக்கணம்

ஆங்கில ஏவல்வினை ஒருமை, பன்மை, மதிப்பு என்னும் வேறுபாடு காட்டுவதில்லை. குழந்தைக்கும் முதியவர்க்கும் ஒரே வடிவம்தான். எனவே அம்மொழியில் பொத்தான் சொல்லைத் தேர்வோர் எவ்வினையைச் சொல்வது என்பதை மட்டும் எண்ணினால் போதும். தமிழில் எழுதுவோரோ வினையோடு உறவையும் தேர்ந்தாக வேண்டும். ‘வாங்குதல்’ என்னும் ஒரே வினைக்குப் பின்வரும் வடிவங்கள் செயலழைப்பாக அமையக்கூடும்.

(அ) வாங்கு: ஏவல் ஒருமை. அகராதித் தலைச்சொல் போன்ற தோற்றத்தால் மென்பொருள் மொழிபெயர்ப்புகளில் எளிதில் நுழைகின்றது. முன்பின் அறியாத ஒருவரை ஒருமையில் ஏவுவதாக ஒலிக்கும். படிவங்களின் அடியில் வரும் ‘சமர்ப்பி’ என்பதும் இவ்வகையே. ‘சமர்ப்பித்தல்’ மேலோர்க்குப் பணிந்து அளித்தலைக் குறிக்கும் சொல். அதை ஒருமை ஏவலில் வைக்கும்போது சொல்லின் பணிவும் வடிவத்தின் அதட்டலும் முரண்படுகின்றன.

(ஆ) வாங்குங்கள்: மதிப்புப் பன்மை ஏவல். மதிப்பு உண்டு, எனினும் கட்டளைத் தன்மை முற்றும் நீங்கவில்லை. சொல் நீளுவதால் சிறு திரையில் இரண்டு வரியாக மடங்கும்.

(இ) வாங்கவும்: செயவென் எச்சத்தோடு உம் சேர்ந்த வடிவம். அலுவலக அறிவிப்பு நடையைச் சார்ந்தது. ‘வரிசையில் நிற்கவும்’ என்பதோடு ஒருசேர நினைவுக்கு வருகின்றது.

(ஈ) வாங்குக: வியங்கோள். வியங்கோள் தன்மையிலும் முன்னிலையிலும் நிலைபெறாது எனத் தொல்காப்பிய வினையியல் கூறும்; இடம், பால் அனைத்திலும் அது வரும் என நன்னூல் விரித்தது. திரைமுன் இருப்பவரை நோக்கி ‘வாங்குக’ எனல் நன்னூல் நெறிக்கு உட்பட்டது. ஒருமை பன்மைச் சிக்கலை இது முற்றும் தவிர்க்கின்றது, சொல்லும் குறுகியது. எழுத்து நடையின் இறுக்கம் ஒன்றே இதன் குறை.

(உ) வாங்க: செயவென் எச்சம், முடிக்கும் வினை தொக்கு நிற்கின்றது. ஏவல் தன்மை இல்லாமையால் மென்மையானது. ஆயின் ‘வாருங்கள்’ என்பதன் பேச்சு வடிவமும் ‘வாங்க’ என்பதே. கொங்கு வட்டார வழக்கில் அழைப்பாக அன்றாடம் ஒலிக்கும் இச்சொல்லைத் தனித்து ஒரு பொத்தானில் எழுதும்போது ‘வருக’ என்னும் பொருளும் கொள்ள இடமுண்டு. ‘பெட்டி வாங்க’ எனச் செயப்படுபொருளைச் சேர்த்தால் மயக்கம் நீங்கும்.

(ஊ) ஆர்டர் செய்ய: எச்ச வடிவமே, கடன்சொல்லாயினும் பொருள்மயக்கம் அற்றது. ‘வாட்ஸ்அப்பில் ஆர்டர் செய்ய’ எனும்போது அடுத்து நிகழப்போவதும் முன்கூட்டியே தெரிகின்றது.

ஆங்கிலத்தில் வென்ற ‘மேலும் அறிக’ என்னும் சொல் தமிழில் மேலும் அறி, மேலும் அறியுங்கள், மேலும் அறியவும், மேலும் அறிக, மேலும் அறிய என ஐந்தாகப் பிரியும். அவற்றுள் எதைப் பற்றியும் அந்த ஆங்கிலச் சோதனை எதுவும் கூறவில்லை. செயலழைப்பின் மதிப்புநிலை தமிழில் தனியொரு மாறி. அதை மொழிபெயர்ப்பாளரின் விருப்பத்திற்கு விட்டுவிட்டு வினைச்சொல்லை மட்டும் சோதிப்பது, உரத்தை அளந்து இட்டு நீரை அளக்காமல் பாய்ச்சுவதை ஒக்கும்.

6. எண்ணிக்கையின் எல்லை

அவ்வாறெனில் மேற்கண்ட வடிவங்களை இருவடிவச் சோதனைக்கு உட்படுத்தி விடைகாணலாமே என்னும் வினா எழும். சோதனைக் கருவிகள் கிடைக்காமல் இல்லை. தமிழ்நாட்டைச் சேர்ந்த ஸோஹோ நிறுவனத்தின் ‘பேஜ்சென்ஸ்’, தில்லியைச் சேர்ந்த விங்கிஃபை நிறுவனத்தின் ‘வி.டபிள்யூ.ஓ.’ ஆகியவை இந்திய நிறுவனங்களே ஆக்கியவை. கட்டணமின்றிக் கிடைத்த ‘கூகுள் ஆப்டிமைஸ்’ 2023 செப்டம்பர் 30 ஆம் நாளோடு நிறுத்தப்பட்டமை சிறுவணிகருக்கு இழப்பு. எனினும் முதன்மைத் தடை கருவியன்று, வருகையாளர் தொகை.

பனமரத்துப்பட்டியிலிருந்து மாம்பழப் பெட்டி அனுப்பும் வணிகர் ஒருவரின் பக்கத்திற்கு நாளொன்றுக்கு 60 பேர் வருவதாகவும், அவருள் 3 விழுக்காட்டினர் ஆர்டர் செய்வதாகவும் கொள்வோம். புதிய பொத்தான் சொல் இதை 4 விழுக்காடாக உயர்த்துமா என அவர் அறிய விரும்புகிறார். வழக்கமான 95 விழுக்காட்டு உறுதியும், உண்மையான வேறுபாட்டைக் கண்டறியும் 80 விழுக்காட்டு வாய்ப்பும் வேண்டுமெனில், வேண்டிய தொகையைக் காணப் புள்ளியியலார் ஒரு சுருக்க வாய்பாடு தருகின்றனர். இரு விகிதங்களின் சராசரியை, அதனை ஒன்றிலிருந்து கழித்த மீதியோடு பெருக்கி, மேலும் 16 ஆல் பெருக்கி, வேறுபாட்டின் வர்க்கத்தால் வகுக்க வேண்டும். இங்கே சராசரி 0.035; மீதி 0.965, வேறுபாடு 0.01. விடை, வடிவம் ஒன்றுக்கு ஏறத்தாழ 5,400 பேர். இரண்டு வடிவங்களுக்கு 10,800 பேர். நாளுக்கு 60 பேர் எனில் 180 நாள்கள்.

சித்திரை தொடங்கி ஆனி முடிய மாம்பழப் பருவம் ஏறத்தாழ 90 நாள்கள். சோதனை பாதியை எட்டும்போது பழம் முடிந்துவிடும்.

இதை அறியாதோர் ஒரு வாரத்திலேயே முடிவு காண முனைவர். ஒரு வாரத்தில் பங்குக்கு 210 பேர் வருவர். ஒரு வடிவத்தில் 6 ஆர்டரும் மற்றொன்றில் 9 ஆர்டரும் வந்திருக்கலாம். ‘50 விழுக்காடு வளர்ச்சி’ என அது தோற்றமளிக்கும். உண்மையில் ஒரே பக்கத்தை இரு பங்கினருக்கும் காட்டினாலும் இவ்வளவு வேறுபாடு தற்செயலாக எளிதில் வரும். நாள்தோறும் கணக்கைத் திறந்து பார்த்து, சாதகமாகத் தெரியும் நாளில் சோதனையை நிறுத்துவதும் இதே பிழையைப் பெருக்கும். எத்தனை பேரிடம் சோதிப்பது என்பதைத் தொடங்கும் முன்னரே முடிவுசெய்து, அத்தொகை நிறையும் வரை தீர்ப்பு எழுதாதிருத்தல் இம்முறையின் ஒழுக்கம்.

பெரிய வேறுபாடாயின் கணக்கு மாறும். 3 விழுக்காடு 6 ஆக உயரும் என எதிர்பார்க்கத்தக்க மாற்றமெனில், அதே வாய்பாட்டின்படி வடிவம் ஒன்றுக்கு ஏறத்தாழ 764 பேர். இரண்டுக்கும் 1,528 பேர். 26 நாள்கள் போதும். எனவே சிறுவணிகர் பொத்தானின் நிறத்தையோ விகுதியையோ எண்ணிக்கையால் சோதிக்க முயலுதல் வீண். கூரியர் கட்டணம் அடங்கிய விலையா, தனி விலையா. முன்பணமா, பெட்டி வந்தபின் பணமா. படிவமா, வாட்ஸ்அப்பா என்பன போன்ற பெருமாற்றங்களே பருவத்துக்குள் விடை தரவல்லவை. ஆண்டுக்கு அத்தகைய வினா ஒன்றோ இரண்டோதான் அவரால் கேட்க இயலும்.

இங்கே ஓர் எச்சரிக்கை வேண்டும். வாட்ஸ்அப் பொத்தானைத் தொட்டோர் அனைவரும் வாங்கியோர் ஆகார். தொடுதல் கூடி விற்பனை கூடாதிருக்கலாம். எண்ண வேண்டியது பெட்டி அனுப்பப்பட்ட ஆர்டரையே.

7. வாசிப்புச் சோதனை

எண்ணிக்கை எட்டாத இடத்தில் சிறுவணிகர் கைவிடப்பட்டவர் ஆகிவிடுவதில்லை. பயன்பாட்டு ஆய்வாளர் யாக்கோப் நீல்சன், தாமஸ் லாண்டவருடன் 1993 இல் வெளியிட்ட கணிப்புமுறையைக் கொண்டு, ஐந்து பேரைப் பயன்படுத்தச் செய்து உற்றுநோக்கினாலே ஒரு பக்கத்தின் சிக்கல்களுள் ஏறத்தாழ 85 விழுக்காட்டைக் கண்டறியலாம் எனப் பின்னர் எடுத்துரைத்தார். இச்சோதனை ‘எவ்வடிவம் எத்துணை மிகுதியாக விற்கும்’ எனக் கூறாது. ‘எவ்விடத்தில் படிப்பவர் தடுமாறுகிறார்’ எனக் கூறும். சிறுவணிகருக்கு முதலில் வேண்டியது பின்னதே.

தமிழ் இறங்குபக்கத்திற்கு இச்சோதனையைப் பின்வருமாறு அமைக்கலாம். பக்கத்தை முன்பு கண்டிராத ஐவரைத் தேர்க. அவருள் அறுபது வயதைக் கடந்த ஒருவரும், தமிழைத் தட்டச்சு செய்து பழகாத ஒருவரும் இருத்தல் நன்று. பக்கத்தை அவர்தம் கைப்பேசியிலேயே திறந்து, வாய்விட்டுப் படிக்கச் செய்க. நிறுத்தம், திரும்பப் படித்தல், சொல்லை மாற்றிப் படித்தல் ஆகியவற்றைக் குறித்துக்கொள்க. ‘வாங்கவும்’ என எழுதியிருப்பதை ஒருவர் ‘வாங்குங்க’ என மாற்றிப் படித்தால், எழுதப்பட்ட நடை அவரது நடைக்கு அயலானது என்பதற்கு அது குறிப்பு. பின்னர்ப் பக்கத்தை மூடிவிட்டு நான்கு வினாக்களை வினவுக: இங்கு விற்பது யாது? மொத்தம் எவ்வளவு செலுத்த வேண்டும்? பழம் அழுகி வந்தால் என் செய்வது? இப்பொத்தானைத் தொட்டால் அடுத்து என்ன நிகழும்? ஐவருள் இருவர் ஒரே வினாவுக்குத் தவறாக விடையளித்தால் அவ்விடத்தைத் திருத்தி எழுதுக. வேறு ஐவரிடம் மீண்டும் காண்க.

பாடவேறுபாடு கண்டு, பொருள்மயக்கம் நீக்கி, உரை எழுதும் பயிற்சி தமிழ்த்துறை மாணவர்க்கு இயல்பாகவே உண்டு. ஒரு சொல் எங்கே இருபொருள் படும், எவ்விகுதி எவ்வுறவைக் காட்டும் எனப் பார்க்கும் அதே கண் இங்கும் வேண்டப்படுகின்றது. இதற்கு வேண்டிய செலவு ஒரு பிற்பகல். பருவம் தொடங்கும் முன்னரே இதனை முடிக்கலாம் என்பது இதன் தனிச்சிறப்பு.

8. எண்ணுக்கு அகப்படாத வாய்மை

இருவடிவச் சோதனை எது மிகுதியாகத் தொடப்பட்டது என்பதைச் சொல்லும். எது உண்மை என்பதைச் சொல்லாது. மூன்றாம் பகுதியிற் கண்ட இரு தொடர்களை எத்திலீன் அறையில் பழுத்த பழத்திற்குச் சோதித்தால் ‘இயற்கையாகப் பழுத்தது’ என்னும் பொய்த்தொடர் வெல்லக்கூடும். ‘இன்னும் 3 பெட்டிகளே உள்ளன’ என்னும் தொடரும் அவ்வாறே. உண்மையில் முந்நூறு பெட்டிகள் இருந்தாலும் அது வெல்லக்கூடும். வென்றதையே வைத்துக்கொள்க என்பதே சோதனையின் ஒரே விதி எனில், பக்கம் சிறுகச் சிறுகப் பொய்யை நோக்கி நகரும்.

இதற்கு எதிராகச் சட்டம் வந்துள்ளது. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30 அன்று வெளியிட்ட வழிகாட்டு நெறிகள், இணையத்தில் நுகர்வோரை ஏய்க்கும் 13 வடிவமைப்பு முறைகளைப் பட்டியலிட்டுத் தடைசெய்கின்றன. போலி அவசரம், கேட்காத பொருளைக் கூடையில் சேர்த்தல், மறுப்போரைச் சொல்லால் நாணச்செய்தல், விலையைச் சிறிதுசிறிதாக வெளிப்படுத்துதல் ஆகியன அவற்றுட் சில. இவற்றுட் பல சொல்லால் நிகழ்பவை. ‘வேண்டாம்’ என்னும் பொத்தானுக்குப் பதில் ‘எனக்கு நல்ல பழம் வேண்டாம்’ என எழுதுவது நாணச்செய்தலின் தமிழ் வடிவமாகும். இவற்றை அடையாளங் காண மொழியறிவு இன்றியமையாதது.

மேலும், 2023 ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தரவைப் பெறும் முன் தரப்படும் அறிவிப்பை ஆங்கிலத்திலோ அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணை மொழிகளுள் ஒன்றிலோ காணும் வாய்ப்பை அளிக்குமாறு கூறுகின்றது. தமிழ் அவ்வட்டவணை மொழி. பெயரும் கைப்பேசி எண்ணும் கேட்கும் இறங்குபக்கங்களின் ஒப்புதல் வாசகம் இனித் தமிழிலும் எழுதப்படும். அது படித்தால் விளங்கும் தமிழாக அமையுமா, சொல்லுக்குச் சொல் பெயர்த்த இயந்திரத் தமிழாக அமையுமா என்பது தமிழ்த்துறைகள் இப்பணியில் தலைப்படுவதைப் பொறுத்தது.

9. முடிவுரை

இவ்வாய்வால் பெறப்படுவன பின்வருமாறு.

1. இறங்குபக்கம் ஒரு பொருள், ஒரு வாக்குறுதி, ஒரு செயலழைப்பு என்னும் வரையறைக்கு உட்பட்ட தனி உரைவகை. கலக்கம் நீக்குதல் அதன் பயன். சிலப்பதிகாரத்துப் பொற்கடைக் கொடி அதற்கு முன்னோடி ஒப்புமை.

2. தமிழ்ச் செயலழைப்பு வினையோடு உறவையும் உணர்த்துவதால் ஆங்கிலச் சோதனை முடிவுகள் தமிழுக்கு நேராகப் பொருந்தா. ஒருமை ஏவலைத் தவிர்த்து, செயப்படுபொருளோடு கூடிய எச்ச வடிவத்தையோ வியங்கோளையோ ஆளுதல் தக்கது.

3. நாளுக்குச் சில பத்துப் பேர் வரும் பக்கத்தில் சிறு சொல்மாற்றத்தை எண்ணிக்கையால் சோதிக்கப் பருவம் இடந்தராது. விலைகாட்டும் முறை, பணம் செலுத்தும் முறை போன்ற பெருமாற்றங்களுக்கே இருவடிவச் சோதனை ஏற்றது.

4. சொல்மாற்றங்களை ஐவர் வாய்விட்டுப் படிக்கும் வாசிப்புச் சோதனையால் செம்மைப்படுத்தலாம். தமிழ்த்துறைகள் இதனைக் களப்பணிப் பயிற்சியாக ஏற்கலாம்.

5. சோதனைக்கு வைக்கப்படும் எல்லா வடிவங்களும் முதலில் உண்மையாக இருத்தல் வேண்டும். வாய்மையைச் சோதனைக்கு முன்னரே உறுதிசெய்ய வேண்டும். சோதனையால் அதனைப் பெற இயலாது.

சேலம், நாமக்கல் மாவட்டங்களின் சவ்வரிசி, வெள்ளிக் கொலுசு, கைத்தறி ஆகியவற்றின் விற்பனைப் பக்கங்களைத் தொகுத்து, அவற்றின் செயலழைப்பு வடிவங்களை வகைப்படுத்தும் ஆய்வு இதன் அடுத்த கட்டமாக அமையலாம். கண்காணா வாங்குவோர் ஒருவர் தாம் செலுத்தப்போகும் தொகையையும் தமக்கு வந்து சேரப்போகும் பொருளையும் ஐயமறப் படித்தறியத்தக்க தமிழை ஆக்கித் தருதல், இன்றைய தமிழாய்வின் கடமைகளுள் ஒன்றாகும்.